பென்குயின்கள் யாரையும் வரவேற்பதில்லை

லொரேத்தோ பாமொந்தே அவர்களுக்கு,
என்று நான்கு நாள் தொடங்கித் தொடங்கி நிறுத்தினேன்.
முதல் வரைவில் உடம்பு சரியில்லை என்றேன்.
நண்டுத் தொழிற்சாலையில்
உடம்பு சரியில்லாதவளின் இடத்துக்கு
ஆறு மணிக்குள் வேறொருத்தி வந்துவிடுவாள்.
பொய்யில்கூட எனக்கு அந்த வசதி கிடையாது. கிழித்தேன்.

அடுத்ததில் கலை, சுதந்திரம் என்றெல்லாம் வந்தது.
சத்தமாக வாசித்துப் பார்த்தேன்.
பல் துலக்கிக்கொண்டிருந்த அறைத்தோழி யஸ்னா
நுரையோடு சிரித்தாள்.

புன்டா அரீனஸில் செப்டம்பர்.
சதுக்கத்தில் கயிறு கட்டிவிட்டார்கள்,
காற்றடிக்கும்போது பிடித்துக்கொண்டு நடக்க.
அதைப் பிடித்தபடிதான்
உங்கள் அலுவலகத்திலிருந்து வீடு வந்தேன்.
கோட்டுப் பைக்குள் உங்கள் தாள்:
மாதம் ஒன்பது லட்சம் பேசோ,
கப்பல் வரும் பருவத்தில் விடுமுறை இல்லை,
மேசை, ஜன்னல், ஜன்னலில் நீரிணை.

ஜன்னல்தான் என்னை ரொம்பப் படுத்தியது.
நான் நிற்கும் கூடத்துக்கு ஜன்னல் கிடையாது.
வெந்த நண்டின் காலை உடைத்து
சதையை முழுசாக உருவ வேண்டும்.
முறிந்தால் பாதி விலை.
பேருந்தில் என் பக்கத்து இருக்கை
கடைசியாகத்தான் நிரம்பும்.

சோதனைக்கு நீங்கள் கேட்ட பத்து வரியை
இருபது நிமிடத்தில் எழுதித் தந்தேன்.
'மக்தலேனா தீவின் பென்குயின்கள்
சிறகு விரித்து உங்களை வரவேற்கின்றன.'
அருமை, ஓர் எழுத்துகூட மாற்ற வேண்டாம் என்றீர்கள்.
அன்றிரவு தூக்கம் வரவில்லை.
சந்தோஷத்தில் என்றுதான் முதலில் நினைத்தேன்.

பென்குயின்கள் யாரையும் வரவேற்பதில்லை.
பள்ளியிலிருந்து கூட்டிப்போன அன்று பார்த்திருக்கிறேன்.
அவை தம் வளைக்குப் போய்க்கொண்டிருந்தன,
நாங்கள் வழியில் நின்றோம்.
ஒன்று என் காலணிக்கு முன் வந்து
தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து
நான் நகரக் காத்திருந்தது.
இது எனக்குத் தெரியும்.
தெரிந்தும் கை அப்படி எழுதியது,
எண்ணெய் போட்ட கீல் மாதிரி.

வியாழன் ராத்திரிகளில்
நூலகத்தின் பின்னறையில் ஐந்து பேர் கூடுகிறோம்.
ஆசிரியர் என்று யாரும் இல்லை.
ஹீட்டர் ஒன்று, அதுவும் பாதிதான் எரியும்.
டாக்சி ஓட்டும் எலியேசர்
பெட்ரோல் ரசீதின் முதுகில் எழுதிக்கொண்டு வருவார்.
ஒதிலியா என் ஒரே பக்கத்தில்
பதினோரு இடத்தில் கோடு போட்டாள்.
பன்னிரண்டாவதில் பென்சிலை வைத்துவிட்டு,
'இங்கே அவன் போனதும் கதவு சாத்திக்கொள்கிறதே,
கோபமா, காற்றா?' என்றாள்.
எழுதியவள் நான். எனக்கே தெரியவில்லை.
மூன்று வியாழன் ஆயிற்று,
அந்தக் கதவு இன்னும் திறந்தே கிடக்கிறது.

உங்கள் கப்பல்கள் வியாழக்கிழமையும் வருகின்றன.

சொல்ல வெட்கமாக இருக்கிறது.
உங்கள் வேலை எனக்குச் சுலபம். அதுதான் தகராறு.
இருபத்திரண்டு வயதில்
கைக்கு வந்ததை விற்க உட்கார்ந்தால்
கைக்கு வராதது வராமலே போய்விடும் என்று பயம்.
பயம் தப்பாகவும் இருக்கலாம்.
அம்மாவைக் கேட்டால் தப்பு என்பாள்,
இன்னும் கேட்கவில்லை.
வாடகை ஒரு மாதம் பாக்கி.

அன்று என் காபியில்
இரண்டாவது ஸ்பூன் சர்க்கரை போட்டீர்கள், நான் கேட்காமலே.
அதை எந்த வரைவிலும் வைக்க முடியவில்லை.
எங்கே வைத்தாலும் கெஞ்சுவது போல இருந்தது.

கடைசியில் அனுப்பியது இவ்வளவுதான்:
'நன்றி. என்னால் வர முடியாது.
பென்குயின் வரியைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.'

மத்தியானமே பதில் போட்டீர்கள்.
'வேறு ஆள் கிடைப்பார்.
வரி அச்சுக்குப் போய்விட்டது.'

இன்று புதன்.
தொழிற்சாலையின் இரும்புக் கதவு
எனக்குப் பின்னால் தானே சாத்திக்கொண்டது.
நின்று கேட்டேன்.
திறந்து, இன்னொரு முறை விட்டுப் பார்த்தேன்.
மூன்றாவது முறை கையால் அறைந்தேன்.
குளிர் உள்ளே வருகிறது என்று
மேற்பார்வையாளர் கத்தினார்.