முப்பத்தெட்டாம் நிமிடம்

மாட்டுப் பொங்கல் ராத்திரி,
செல்லூரில் குபேந்திரனின் ஜெராக்ஸ் கடை மாடி.
பாலமேட்டில் மாடு பார்த்துவிட்டு வந்தவன்
புழுதியை உதறாமலே உட்காருகிறான்.
ஜெரினா பெரியாஸ்பத்திரி டூட்டியை
யார் தலையிலோ கட்டிவிட்டு வந்திருக்கிறாள்
இதற்காக.
இந்தக் கண்றாவிக்காக.

'இரும்புக்கிளி' மூன்று பாகம்.
மூன்றையும் பள்ளிக்கூடம் மட்டம் போட்டுப் பார்த்தோம்.
மூன்றிலும் சிரிக்காத வைரமணி
நாலாவதாக டிவிக்குள் வந்தான்,
பொங்கல் சிறப்புத் தொண்ணூறு நிமிடம்,
வழங்குபவர் ஒரு குக்கர் கம்பெனி.

அதில் அவன் கோலம் போடுகிறான்.
புள்ளி வைத்து.
இரண்டாம் பாகத்தில் ரயிலோடு எரிந்துபோன கந்தகராசு
கரும்போடு வந்து "பங்காளி!" என்கிறான்.
எப்படிப் பிழைத்தான் என்று கேட்கக்கூடாது.
கிளி பேசுகிறது. கிளிக்கு மாமியார் இருக்கிறாள்.
பதினோரு நிமிடம் எல்லோரும்
குக்கர் விசிலுக்குக் காத்திருக்கிறார்கள்,
வசனமே இல்லாமல்.

ஒரே தடவைதான் ஒளிபரப்பினார்கள்.
மறுநாள் டைரக்டர் ஊரிலேயே இல்லை என்று கேள்வி.
இருளப்பன் மட்டும் பதிவு செய்துவிட்டான்,
அக்காவின் கல்யாண கேசட்டுக்கு மேலேயே.
அக்கா இன்றுவரை அவனோடு பேசுவதில்லை.

பென்டிரைவுக்கு மாறியும் விடவில்லை, வருஷா வருஷம்.
"இதுதான் கடைசி" என்று குபேந்திரன் சொல்லாத வருஷமும் இல்லை.
இந்த முறை முப்பத்தெட்டாம் நிமிடத்தில்,
கிளியின் மாமியார் வாயைத் திறக்கவும்
கரண்ட் போனது.

தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன்.
இருட்டுக்குள் ஜெரினா ஆரம்பித்தாள்,
மாமியார் குரலில், மூக்கால்.
குபேந்திரன் கந்தகராசு ஆனான்.
நான் விசில்.
மூன்று படத்திலும் சேர்த்து எனக்கு
ஆறு வசனம் தேறாது.
இதில் வைரமணி எந்த இடத்தில் இருமுவான் என்பதுகூடத்
தெரிந்திருக்கிறது.

கடைசிக் காட்சி முடிந்தது. கும்பிடு. நன்றி.
அதற்குப் பிறகு கேசட்டில்
அழியாமல் நாலு நொடி மிச்சம் இருக்கும்:
லைட் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்குகிற அக்கா,
எங்கோ மைக்கில் மொய் வாசிக்கிற குரல்.
அதையும் சொன்னோம், எல்லோரும் சேர்ந்து:
"வாடிப்பட்டி சோனைமுத்து, நூத்தியொண்ணு!"

இருளப்பன் மட்டும் சொல்லவில்லை.
சால்னா பாக்கெட்டின் நூலை
அவிழ்த்துக்கொண்டே இருந்தான்,
ஏற்கெனவே அவிழ்ந்த நூலை.

கரண்ட் வந்தது.
மாமியார் திறந்த வாயோடு நின்றிருந்தாள்.
மிச்சம் ஐம்பத்திரண்டு நிமிடம்.

பார்த்தோம்.