நாற்பதடிக் கரை

நீர் எல்லோருக்கும்.
நீருக்கடியில் கிடக்கும் கல் மட்டும்
வெர்னா ஹெண்டர்ஷாட்டுக்கு.
கொலராடோவில் எங்கள் பள்ளத்தாக்கில்
இதுதான் நடைமுறை.
மிதக்கும்வரை நீ குடிமகன்,
கால் ஊன்றினால் அத்துமீறியவன்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும், சரி.
ஆற்றையே அளந்து
அடிமணலுக்கும் பட்டா கொடுத்த
எங்கள் சட்டப் புத்தகத்தில்
புறம்போக்குக்கு ஒரு பக்கம் இல்லை.

நான் துடுப்புச் சங்கத்தின் பொருளாளர்.
தோள்மூட்டு நழுவிய வருடத்திலிருந்து
என் படகு கொட்டகையில் கவிழ்ந்து கிடக்கிறது,
உள்ளே குளவிக்கூடு.
மற்றவர்கள் சுழல்களைப் பற்றிப் பேசும்போது
நான் ரசீது ஒட்டுகிறேன்.

ஏழு மைல் நுரை.
கடைசிப் பாய்ச்சலுக்கு ரம்பம் என்று பெயர்.
அது துப்பும் இடத்தில் ஆறு மூச்சு வாங்கும்,
கரை தாழும், ஏறலாம்.
ஏறினால் வெர்னாவின் புல்வெளி.
ஏறாவிட்டால் நான்கு மைல் கீழே தடுப்பணை.
அதன் அடியில் விழுந்த ஒரு மரக்கட்டை
மூன்று நாள்
ஒரே இடத்தில் உருண்டதைப் பார்த்திருக்கிறேன்.

மே மாதம் எஸ்டெவான் லுஹான் கவிழ்ந்து
ஒற்றைச் செருப்போடு கரையேறினான்.
அவன் நடுக்கம் நிற்பதற்குள்
ஷெரீஃபின் ஆள் சீட்டைக் கிழித்து நீட்டினார்.
முந்நூறு டாலர்.
செலவுக் கணக்கில் எழுதினேன்:
நின்றதற்கு.

மாவட்டக் கூட்டம். மடக்கு நாற்காலிகள்.
இது கலம் போன ஆறுதான் என்று காட்ட
எங்கள் வக்கீல்
ரயில் பாதைக் கட்டைகள் மிதந்துபோன காலத்து
விலைச்சீட்டுகளைக் கண்ணாடி உறையில் கொண்டுவந்திருந்தார்.
அவர் முடித்ததும் வெர்னா எழுந்தார்.

என் வைக்கோலுக்குள் மலம் கழித்தது யார்?
கேட்டைத் திறந்து போட்டது யார்?
பதினொரு கன்றுகள்
நெடுஞ்சாலையில் நின்றன.

யாரும் வாய் திறக்கவில்லை.
நியாயம் அவர் பக்கம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது.

பிறகு மைக்கிலிருந்து விலகி,
எங்களிடம் இல்லை, தரையிடம் சொன்னார்:
அந்த ஜூனில்
கொட்டகைக் கதவைக் கழற்றிக் கொடுத்தேன்.
பையனை அதில்தான் தூக்கி வந்தார்கள்,
அறுக்காத புல் வழியே, நான்கு பேர்.
ஆம்புலன்ஸ் கேட்டுக்கு வெளியே நின்றது.
சாவி என் பையில்.
நான் ஆற்றோரம் இருந்தேன்.
அவன் முன்னாலேயே போய்விட்டான் என்றார்கள்.
எல்லோரும் நல்லவர்கள்.

உரிமை என்ற சொல் ஒன்பது முறை வரும்
மூன்று பக்கம் தயாரித்திருந்தேன்.
மடித்து வைத்தேன்.
வேறெதுவும் தோன்றாமல் கேட்டேன்:
ஒரு ஆம்புலன்ஸ் திரும்ப எவ்வளவு இடம் வேண்டும்?

பின்வரிசையிலிருந்து
தீயணைப்பு நிலையத்து நைக்விஸ்ட் சொன்னார்:
நாற்பதடி.

வழக்கு ஜெயிக்கவில்லை. தோற்கவும் இல்லை.
அந்த நாற்பதடியை விலைக்குக் கேட்டோம்.
இருபத்தாறு நிபந்தனைகள்,
ஒன்பது கார்கள், ஒரு கழிப்பறை,
தானாக மூடிக்கொள்ளும் கேட்,
பூட்டு கிடையாது.
என் கையெழுத்துக்குக் கீழே
அவர் கையெழுத்து,
பேனா இரண்டு இடத்தில் தாளைக் கிழித்திருந்தது.

முளை அடிக்கிற நாளில்
நில அளவைக்காரர் நீர் விளிம்பில் நின்றார்.
இதோடு முடிகிறதா?
வெர்னா யோசித்தார். பூட்ஸோடு உள்ளே இறங்கினார்.
முழங்கால் வரை, என்றார்.
அவ்வளவாவது நிற்க வேண்டாமா அவர்கள்?

பத்திரத்தில் அப்படியே இருக்கிறது:
முழங்கால் வரை.
யார் முழங்கால் என்று
ஒருநாள் எவராவது வழக்குப் போடுவார்கள்.

இப்போது மேலே மூன்றாவது மைலில்
புதிதாக வந்த ஒருவர்
ஆற்றின் குறுக்கே கம்பி கட்டியிருக்கிறார்,
படகில் வருபவனின் கழுத்து உயரத்தில்.
நாளை அவரைப் பார்க்கப் போகிறேன்.
வெர்னா தானும் வருவதாகச் சொன்னார்.
குளவிக்கூட்டையும் ஏதாவது செய்ய வேண்டும்.