எண்ணிக்கை சரி

எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது, ஒபுரா.
நீலத் தட்டில் கவிழ்த்து
ஐந்தைந்தாய்த் தள்ளினேன்.
மிச்சம் இரண்டு.
இரண்டுதான் மிஞ்ச வேண்டும்.
பதிவேட்டில் 'ஒழுங்கு' என்று எழுதிக்
கையெழுத்தும் போட்டாயிற்று.

இரத்தம் வேறு கணக்குச் சொன்னது.

கதவைச் சாத்தினேன்.
ஹோமா பே மருத்துவமனையில் கதவு சாத்தினால்
மின்விசிறிச் சத்தம்கூடக் குற்றப்பத்திரிகை மாதிரி கேட்கும்;
அதனால் அதையும் நிறுத்தினேன்.
உன் சட்டையில் ஒமேனா மீன் வாடை.
செதில் ஒன்று காலரில் மின்னியது.

படகுக்காரர்கள் பார்த்துவிடுவார்களா என்றேன்.
இல்லையாம்.
புட்டி குலுங்காதிருக்கப் பஞ்சு திணித்து
ஏழு வருஷம் ஆகிறதாம்.

பிறகு,
விளக்கை மிதக்கவிட்டு மீனுக்குக் காத்திருப்பவன் போல
வெகுநேரம் சும்மா இருந்தாய்.

"ஒன்பது மணிக்கு அலாரம் அடிக்கும்.
ஒன்றை எடுப்பேன். தண்ணீரில் போடுவேன்.
ஒரு நாளும் தவறியதில்லை.
இந்த ஏரி மீனுக்கு இனி எந்த நோயும் வராது"
என்று சிரித்தாய்.
நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து
நீயும் நிறுத்திக்கொண்டாய்.

தம்பி மூழ்கிய மார்ச் மாதத்திலிருந்து
தூக்கம் இல்லை.
படுத்தால் துடுப்புச் சத்தம்.
யாருக்காக இந்த உடம்பைத் தேக்கி வைப்பது?
கேட்டாய்.
அதற்கு என் தட்டில் மாத்திரை இல்லை.

ஏன் கணக்கைச் சரிக்கட்டினாய் என்றேன்.
"உன் பேனா தயங்கும்.
அதைப் பார்க்கப் பிடிக்காது."

சீட்டு எழுதி அனுப்புவதுதான் வழக்கம்.
எழுதாமல் கூடவே நடந்தேன்,
முற்றம் தாண்டி, சலவைக் கொடிகள் தாண்டி,
மனநலச் செவிலி ந்யாங்வேசோவின் அறைவரை.
வாசலில் நின்று சொன்னேன்,
இத்தனை வருஷத்தில் எவரிடமும் சொல்லாததை:
என் அலாரமும் ஒன்பதுக்குத்தான்.

ஏற்பாடு இது.
ஒரு மிஸ்டு கால் என்றால் விழுங்கியாயிற்று.
இரண்டு என்றால் முடியவில்லை.

பதினோரு நாள் ஒன்று.
நேற்று இரண்டு.

திருப்பி அழைத்தேன்.
காற்று. யாரோ வலை இழுக்கும் முனகல்.
உன் மூச்சு.
மாத்திரையைப் பற்றிக் கேட்கவில்லை.
மீன் எவ்வளவு என்றேன்.

"நிலா வந்துவிட்டது,"
என்றாய் வெகுநேரம் கழித்து,
"இன்று அவ்வளவாக இல்லை.
வைத்துவிடாதே."