தோள்பூட்டு

பதினாலாம் வளைவில் ஸ்கூட்டி சாய்ந்தது.
முதலில் சரளை, அப்புறம் வானம், அப்புறம் வலது தோள்.
எஸ்டேட் கிடங்குச் சாவி
கையிலிருந்து பறந்து
உண்ணிப் புதருக்குள் விழுந்த சத்தம் கேட்டேன்.
அவ்வளவுதான் நினைவு.

சேலம் ஜி.எச்., எக்ஸ்ரே அறை.
பெலவேந்திரன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.
குருமடத்தில் நாலு வருடம் லத்தீன் படித்து
ஒரு மார்கழியில் பெட்டியோடு வெளியே வந்தவராம்.
"கிளாவிக்கிள் ஒடிஞ்சிருக்கு" என்றார்.
பிறகு, நான் கேட்காமலே,
"கிளாவிஸ்னா சாவி. இது குட்டிச் சாவி."

கேலியா என்று முறைத்தேன்.
அவர் நிறுத்தவில்லை.
இத்தாலியில் கியாவே, பிரெஞ்சில் கிளே,
ஸ்பானிஷில் யாவே
(அங்கே தண்ணீர்க் குழாய்க்கும் அதே பேராம்).
போர்ச்சுகீசியர் வாயில் சாவெ ஆகிக்
கப்பலேறி நம் கரையில் இறங்கி
திறவுகோலை ஓரமாய் நகர்த்திவிட்டு
சட்டைப்பையில் உட்கார்ந்துகொண்டது.

"கையைத் தூக்கினா இந்த எலும்பு
சாவி மாதிரியே ஒரு திருகு திரும்பும்.
அதனால வச்ச பேரோ, வளைவைப் பாத்து வச்சதோ,
எனக்குச் சொல்லத் தெரியல."
கொடியின் பற்றுச்சுருளுக்கும் லத்தீனில் அதே பேராம்.
தண்ணீர் ஊற்ற ஆளில்லாத
என் பாகல் பந்தல் ஞாபகம் வந்தது.

ராத்திரி வாழப்பாடியிலிருந்து தம்பி.
"சாவிக்கா" என்றான்.
"புதருக்குள்ள விழுந்துடுச்சுடா."
"நெல்லைச் சொல்றேன். பால் பிடிக்கல.
ரெண்டு ஏக்கரும் சாவி."
பக்கத்துக் கட்டில்காரி சிரித்துவிட்டாள்.
நாங்கள் போனைப் பிடித்தபடி இருந்தோம்.
இந்தச் சாவி கப்பலில் வரவில்லை.
சா என்ற ஓரெழுத்திலிருந்து
நம் வயலிலேயே முளைத்தது.

காலையில் கட்டுப் போட வந்த பையன்
"தோள்பூட்டுப் பக்கமா வலி?" என்றான்.

பூட்டு!

ரோமாபுரியில் எவனோ சாவியைக் கண்ட இடத்துக்கு
நாலு விரல் தள்ளி
நம்மவன் ஒருவன் பூட்டைக் கண்டிருக்கிறான்.
இவனுக்கு அவனைத் தெரியாது.
எந்தக் கப்பலும் இதைச் சுமக்கவில்லை.
பெலவேந்திரனிடம் சொல்லியே ஆகவேண்டும் என்று
எட்டு போட்ட கட்டோடு மெல்ல நடந்து போனேன்.
ட்யூட்டி முடிந்து கிளம்பிவிட்டார்.
ஸ்டூலில் அவர் குடித்த டீ கிளாஸ்.

இப்போது கிடங்குக்குப் புதுப் பூட்டு.
மூன்று சாவி கொடுத்தார்கள்.
வலது கையைத் தூக்கினால்
உள்ளே ஏதோ பாதி திரும்பி நிற்கிறது.
இடது கையால்தான் திறக்கிறேன்.