பிஸ்ஸாவ், பதினாறு டன்

திருவொற்றியூர் யார்டில், மூன்றாம் வரிசைக் கடைசியில்
துரு பூத்த நீலப் பெட்டி.
சீலை உடைத்ததும் முகத்தில் மோதியது
ஈரச் சாக்கும் காறிய எண்ணெயுமாய் ஒரு நாடு.

இருநூறு மூட்டை. தோலுரிக்காத முந்திரி.
சாக்கின்மேல் கரியில் எண்கள்.
ஏழின் இடுப்பில் குறுக்கே ஒரு கோடு
போடுகிறார்கள் அங்கே.

எடை போட்டவர்: டொமிங்கோஸ் மச்சாடு.
அதன் கீழே, சரிபார்த்தவர் என்று
நான் போட வேண்டிய கையெழுத்து:
லாசர் மச்சாடு.

கிளியரிங் பூவராகன் விழுந்து விழுந்து சிரித்தான்.
"இன்னாண்ணே, ஆப்பிரிக்காவுல பங்காளி கீறான்,
சொல்லவேயில்ல?"

எங்களுக்கு இந்தப் பெயர்
முத்துக்குளித்துறையில் தலைமேல் ஊற்றிய
தண்ணீரோடு வந்தது.
பின்னால் காசிமேடு வரைக்கும் படகேறியது.
அவனுக்கு எப்படியோ.
ஊற்றினார்களா,
விற்றவன் பெயரே ஒட்டிக்கொண்டதா.

நைட் ஷிப்டில் செல்போனில் தேடினேன்.
கடல் விரல்விட்டு விரல்விட்டு
உள்ளே துழாவிய கரை.
ஆறு எது, கழி எது என்று பிரியவில்லை.
உப்பை அணைகட்டி மறித்து நெல் நடுகிறார்கள்.
தீவுகள் எண்பத்தெட்டு;
ஒன்றில், உவர்நீரில் நீர்யானை குளிக்குமாம்.
எங்கள் எண்ணூர்க் கழியில் சாம்பல் குளிக்கிறது.

இன்னொன்றும் இருந்தது.
ஐம்பத்தொன்பது, ஆகஸ்ட் மூன்று.
கூலி கூட்டிக் கேட்டு வேலையை நிறுத்திய
துறைமுகத்து ஆட்களை
படகுத்துறையிலேயே சுட்டார்கள்.
ஐம்பது பேர் என்கிறார்கள்.
எண்ணியவன் எந்தக் கரியால் எழுதினானோ.

டீ ஆறிப்போனது.

பிறகு ஐப்பசி.
ஏதோ ஒரு காகிதத்தில் ஏதோ ஒரு முத்திரை இல்லை.
பெட்டி நாற்பது நாள் நின்றது.
கூரையில் ஓர் ஆணித்துளை;
அது போதும் மழைக்கு.
திறந்தபோது ஓரத்து மூட்டைகள்
சாக்கைக் கிழித்து முளைவிட்டிருந்தன.
பிரேசிலில் கப்பலேறிய மரம்தானே,
யார் இறக்கினாலும்
இறங்கிய இடத்தில் பிழைக்கத் தெரியும்.

"கெட்ட சரக்கு" என்று எழுதி ஏலம் விட்டார்கள்.
ஏலம் என்ற சொல்லும் அவர்கள் போட்டுவிட்டுப் போனதுதான்.
இந்த யார்டின் சாவியும்.
பண்ருட்டிப் பார்ட்டி பாதி விலைக்கு எடுத்து,
லாரியில் ஏற்றும்போதே முளைகளைக்
கிள்ளிக் கிள்ளி எறிந்தான்.
ஒன்றை நான் சட்டைப்பையில் போட்டேன்.
சாயங்காலம் சட்டையோடு சேர்த்து
மெர்லின் ஊறப்போட்டுவிட்டாள்.

கணக்கு முடித்தேன்.
எடைக் குறைவு: எழுநூற்று எழுபத்தேழு கிலோ.

கம்ப்யூட்டரில் ஏற்றுகிற பெண்
காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துக் கேட்டாள்:
"சார், இது ஏழா,
இல்ல எழுதிட்டு அடிச்சிட்டீங்களா?"

ஏழுதாம்மா.
மூணும் ஏழு.