விழுவதற்கு மூன்று வாரம்

சால்தியோ நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில்
மூன்றாம் எண் கூண்டு என்னுடையது.
பதினான்கு வருடமாக
உலகம் என்னைக் கடந்து போகிறது.
நான் மீதிச் சில்லறை கொடுக்கிறேன்.

லாரிக்காரர்களுக்கு என் முகம் தெரியும்.
முகத்துக்குக் கீழே உள்ளதை
கவுன்ட்டர் மறைத்துக்கொள்ளும்.
நாற்காலிக்குத் தெரியும்.
இது நான்காவது நாற்காலி.

நூற்றுப் பதினெட்டு கிலோ என்றார் டாக்டர்.
அதன் கீழே சர்க்கரையின் எண்ணை எழுதி
இரண்டுக்கும் சேர்த்து ஒரே மருந்து சொன்னார்:
நடங்கள்.
எங்கே நடக்க?
எங்கள் தெருவில் நடைபாதை
மின்கம்பத்துக்கும் நாய்க்கும் மட்டும்
அளவெடுத்துப் போட்டது.

டயர் ஒட்டும் கடைக்கு மேலே ஜூடோ பள்ளி.
படிகள் இருபத்திரண்டு.
முதல் நாள் பன்னிரண்டாம் படியில் நின்று
போனில் பேசுவதுபோல நடித்தேன்.
மறுமுனையில் யாருமில்லை,
ஆனாலும் அவருக்கு இரண்டு முறை
"சரி, சரி" சொன்னேன்.

சொல்லித்தருகிற ஒதிலியாவுக்கு
என் வயதில் பாதி.
எடை பார்க்கும் எந்திரம் எங்கே என்றேன்.
கதவைக் காட்டினாள்:
காற்றில் அடித்துக்கொள்ளாமலிருக்க
அண்டக் கொடுத்திருந்தாள் அதை.

இருப்பதிலேயே நீளமான பெல்ட்
என்னைச் சுற்றிவரப் புறப்பட்டு
முடிச்சுக்கு முன்பே தீர்ந்துபோனது.
யாரும் சிரிக்கவில்லை.
சிரித்திருந்தால் திரும்பிப் போயிருப்பேன், சுலபம்.
மறுநாள் இரண்டு வெள்ளைப் பெல்ட்டுகளை
கீழ்க்கடையின் தடித்த நூலால் ஒட்டுப்போட்டு வந்தாள்.
தையல் சரியாக என் தொப்புளுக்கு நேரே.

மூன்று வாரம் விழுவது மட்டும்தான்.

என் வாழ்க்கையே
விழாமலிருக்கப் போட்ட திட்டம், தெரியுமா.
ஈரத் தரை, பஸ் படிக்கட்டு,
கல்யாணங்களில் பிளாஸ்டிக் நாற்காலி.
ஒல்லியானவள் விழுந்தால் விழுந்தாள், அவ்வளவுதான்.
நான் விழுந்தால்
தூக்க நாலு பேர்,
சொல்லித் திரிய எட்டு பேர்.

இங்கே விழு என்றார்கள்.
தாடையை மார்போடு ஒட்டு,
உள்ளங்கையால் பாயை அறை,
மூச்சை விடு.
விழுந்தேன். கீழே டயர் கடையில்
ஒரு ரெஞ்சு உருண்டது கேட்டது.
மறுபடி விழு என்றார்கள்.

என் ஜோடி உல்பியானோ. பதினொரு வயது.
பள்ளியில் அவனுக்கு வைத்த பெயர்
மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி.
நான் அவனைத் தூக்க மாட்டேன்,
அவனால் என்னைத் தூக்க முடியாது.
சட்டையைப் பிடித்துக்கொண்டு
இரண்டு அலமாரிகள் வீடு மாறுவதுபோல
இங்குமங்கும் தள்ளுவோம்,
வியர்வை கண்ணில் இறங்கும்வரை.
அவன் சோடா பாட்டிலில் இப்போது தண்ணீர்.
லேபிளை மட்டும் கிழிக்கவில்லை.
நண்பர்கள் பார்ப்பார்களாம்.

சாப்பாட்டைப் பற்றி இங்கே யாரும் உபதேசிக்கவில்லை.
ஆறு மணிக்கு நான்கு தமாலே தின்று
ஏழு மணிக்குக் குட்டிக்கரணம் போட்டால்
என்ன ஆகும் என்பது
எனக்கும் அந்தப் பாய்க்கும் இடையிலான விஷயம்.

எட்டு மாதத்தில் பதினொன்று குறைந்தது.
டிசம்பரில் நான்கு திரும்பி வந்தன,
மாமியார் வீட்டு ஆட்கள் போல,
பெட்டி படுக்கையோடு.
டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.
ஒதிலியா பெல்ட்டைப் பார்த்தாள்:
தையல் இடது இடுப்புக்கு நகர்ந்திருந்தது.
அங்கேயே நிற்கிறது இன்னும்.
நிற்கட்டும்.

பிப்ரவரியில் ஓர் அதிகாலை,
டீசல் கொட்டிய சிமென்ட்டில்
கூண்டுக்கு வெளியே கால் வழுக்கியது.
நான் எதுவும் யோசிக்கவில்லை.
தாடை ஒட்டிக்கொண்டது,
கை தானாகப் போய்த் தரையை அறைந்தது,
அந்தச் சத்தத்துக்கு
இரண்டாம் கூண்டுக்காரி கண்ணாடியைத் திறந்தாள்.

லாரியிலிருந்து குதித்தவன்
என்னைத் தூக்கிவிடக் கையை நீட்டியபடி
ஓடி வந்து சேர்ந்தபோது
நான் நின்றுகொண்டிருந்தேன்,
முழங்காலில் டீசல், தொப்பி மட்டும் கீழே.

கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.
அதில் அவனுடைய மீதி
பதினாறு பேசோவை வைத்தேன்.