ஜீரோ பாத்துக்கோங்க

"ஜீரோ பாத்துக்கோங்கண்ணா" என்கிறாள் முனிரத்னா.
பார்த்தேன்.
அந்த பங்கில் இன்னும் ஏறாத எண்
அது ஒன்றுதான்.

ஐந்நூறுக்கு டீசல்.
முள் சிவப்புக் கோட்டிலிருந்து எழுந்து
சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு
மறுபடி படுத்துக்கொண்டது.

யாரைத் திட்ட?
முனிரத்னாவே ஸ்கூட்டியை வீட்டில் பூட்டிவிட்டு
டவுன் பஸ்ஸில்தான் வேலைக்கு வருகிறாள்.

பின்னால் நாற்பது பெட்டி பாலக்கோட்டுத் தக்காளி.
வாடகையைக் கூட்டிக் கேட்டதற்கு
மண்டிக்காரர் ஒரு பழத்தை நசுக்கிக் காட்டினார்.
"இதுக்கே விலை இல்ல. உனக்கா?"

டோல்கேட் தாண்டி
தொப்பூர் இறக்கம்.
'நியூட்ரலில் இறங்காதீர்'
ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கிறார்கள்.
வாசித்துக்கொண்டே கியரை விலக்கினேன்.
சாவியையும் திருப்பினேன்.

சத்தம் செத்தது.
டயர், காற்று,
பெட்டியோடு பெட்டி உரசும் கிறீச்.
கிளீனர் மாதேசு திடுக்கிட்டு விழித்தான்:
"என்னண்ணா, வண்டி நின்னுபோச்சா?"
முள் அறுபதில் இருந்தது.
இந்த முள் மட்டும் சும்மாவே ஏறும்.

வளைவில் திடீரென
ஒரு கண்டெய்னரின் முதுகு.
மிதிக்கிறேன், பிரேக் கல்லாய் இறுகி நிற்கிறது.
சாவி. இன்னொரு தரம் சாவி.
உறுமியது.
ஒரு முழ இடைவெளியில்
அதன் பின்விளக்கில் ஒட்டியிருந்த
எலுமிச்சம்பழத்தைக்கூடப் பார்த்தேன்.

எவ்வளவு மிச்சமாகியிருக்கும்?
கணக்குப் போட்டால் இரண்டு டீ.
கீழே இறங்கி நிறுத்தினோம்.
நான் எதுவும் கேட்கவில்லை,
காசை வாங்கும்போதே கடைக்காரர்,
"கேஸ் விலைங்க" என்றார்.

மாதேசு
கிளாஸை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.